மட்டுக்கட்டும் கண், அளக்கும் கை

ஒரு திரவத்தைச் சரியாக அளக்கப் பழகுவதற்கு முன் பிள்ளை அதை மட்டுக்கட்டப் பழக வேண்டும் என்பதும், அளந்து முடித்த பின் அந்த அளவீட்டைச் சரிபார்ப்பதும் அதே மட்டுக்கட்டல்தான் என்பதும், தொடக்க வகுப்புக் கணிதத்தில் பேச்சளவில் ஏற்கப்பட்டு, நடைமுறையில் கைவிடப்பட்ட இரண்டு உண்மைகளாகும். ‘மட்டுக்கட்டுதல்’ என்பது இலங்கைத் தமிழில் இன்றும் புழக்கத்திலுள்ள சொல். கண்ணால் பார்த்தோ, கையால் தூக்கியோ, முன்பே அறிந்த ஓர் அளவோடு மனத்துக்குள் ஒப்பிட்டோ, ‘இதற்குள் இவ்வளவுதான் இருக்கும்’ என்று ஓர் எல்லையைக் குறிப்பதே அதன் பொருள். மட்டு என்றால் எல்லை. மட்டம் என்றால் நீர்ப்பரப்பைப் போல ஏற்ற இறக்கமின்றி நிற்கும் தளம். மட்டக்களப்பு என்ற ஊர்ப்பெயரின் முன்பாதிக்கு அந்த ‘எல்லை’யையே பொருளாகச் சொல்வோரும் உண்டு, சேற்றுக் களப்பு எனப் பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து அது வந்தது என்போரும் உண்டு. அந்த வழக்கை இங்கே தீர்க்கத் தேவையில்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலோரமாகக் கிடக்கும் ஒரு வாவியின் இரு கரைகளிலும் வாழும் பிள்ளைகளுக்கு, நீரை மட்டுக்கட்டுவதற்கான பாடப்பொருள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது என்பதே இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய செய்தி.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஒரு பொருள் வெளியில் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு கனவளவு. ஒரு பாத்திரம் தன்னுள் ஏற்கக்கூடிய உச்ச அளவு கொள்ளளவு. ஒரு வாளியின் கொள்ளளவு பத்து லீற்றராக இருக்கும்போதே அதில் உள்ள நீரின் கனவளவு மூன்று லீற்றராக இருக்கலாம். வெறும் வாளியில் நீரே இல்லாவிட்டாலும் கொள்ளளவு பத்து லீற்றராகவே இருக்கும் என்பது பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையற்ற செய்தியாகத் தோன்றினாலும், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது அத்தனை எளிதன்று. ஏனெனில் கொள்ளளவு என்பது கண்ணுக்குத் தெரியும் பொருளைப் பற்றியதன்று, பொருள் இல்லாத வெற்றிடத்தைப் பற்றியது.

தமிழ் மரபு இந்தச் சிக்கலை வேறொரு வழியால் கடந்தது. பாத்திரத்தின் பெயரையே அளவின் பெயராக வைத்துக்கொண்டது. அளவுப் பெயர்கள் இன்னின்ன எழுத்துக்களில் தொடங்கும் என்று ஒன்பது எழுத்துக்களைத் தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் குறிக்கிறது. அவற்றுக்கு உரையாசிரியர்கள் தந்த எடுத்துக்காட்டுகள் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்பன. இவற்றில் பெரும்பாலானவை வீட்டில் புழங்கிய ஏனங்களின் பெயர்களே. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று இரட்டித்துச் செல்லும் பழைய வாய்பாட்டைக் கவனித்தால், அது மனனம் செய்வதற்காகப் பிறந்த பட்டியல் அன்று, ஒன்றை இருமுறை ஊற்றி மற்றொன்றை நிரப்பிப் பார்த்த கைகளின் அனுபவம் என்பது விளங்கும். கிழக்கிலங்கையில் அரிசிக்குச் சுண்டும் கொத்தும் நெல்லுக்கு மரைக்காலும் அவணமும் வழங்கின. நாலு சுண்டு ஒரு கொத்து. தேனும் எண்ணெயும் போத்தலால் விற்கப்பட்டன. ஆறு போத்தல் ஒரு கலன்.

தானியத்தையும் திரவத்தையும் ஒரே வகைப் பாத்திரத்தால் அளந்தாலும் இரண்டுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கொத்தில் அரிசியைக் கூம்பாகக் குவிக்கலாம், அல்லது விளிம்போடு கையால் வழித்துத் தலைதட்டலாம். எது நேர்மையான அளவு என்பது கொடுப்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொள்ள வேண்டிய விடயம். திரவமோ தன் தலையைத் தானே தட்டிக்கொள்கிறது. நீரின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்வதால், புவியீர்ப்பு அதன் மேற்பரப்பை மட்டமாக்கிவிடுகிறது. ஆயினும் முழுமையாக மட்டமாக்குவதில்லை என்பதையும் பிள்ளைகள் காண வேண்டும். விளிம்புவரை நிரம்பிய கோப்பையில் நாணயக் குற்றிகளை ஒவ்வொன்றாக மெல்ல இறக்கினால், நீர் உடனே வழியாமல் விளிம்புக்கு மேல் சற்றுப் புடைத்து நிற்கும். மேற்பரப்பு இழுவிசை அதைத் தாங்குகிறது. ஒடுங்கிய கண்ணாடி அளவுக் குழாயிலோ நீர் சுவரைப் பற்றி ஏறி, நடுவில் குழிந்த பிறை வடிவம் கொள்கிறது. இதனைப் பிறையுரு என்பர். அதன் அடிப்புள்ளியை, கண்ணை அதே மட்டத்தில் வைத்து வாசிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்க்கும் பிள்ளை உண்மையைவிடக் கூடுதலாகவும், குனிந்து கீழிருந்து பார்க்கும் பிள்ளை குறைவாகவும் வாசிக்கும். மேசையில் இருக்கும் குழாயைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடிப்பதைவிட, முழங்காலை மடக்கிக் கண்ணை மேசைக்கு இறக்குவது நல்லது. தூக்கிய குழாய் சரிந்துவிடும்.

பிள்ளைகளின் அளவுணர்வு எந்த வயதில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவில் பணியாற்றிய உளவியலாளர் ஜான் பியாஜே. அவரும் அலினா செமின்ஸ்காவும் 1941இல் வெளியிட்ட, பிள்ளைகளிடம் எண் என்னும் கருத்து தோன்றுவது பற்றிய நூலில் விவரிக்கப்படும் சோதனை எளிமையானது: ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஒரே உயரத்துக்கு நீரை ஊற்றி, இரண்டிலும் சமம் என்று பிள்ளை ஒப்புக்கொண்ட பின், ஒன்றிலுள்ள நீரை அதன் கண்முன்னே உயரமான ஒடுங்கிய குவளைக்கு மாற்றுவது. ஐந்து வயதுப் பிள்ளைகள் பலர் உயரமான குவளையில் கூடுதலான நீர் இருப்பதாகச் சொல்வர். ஏறத்தாழ ஏழு வயதளவில்தான், வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்ற தெளிவு உறுதிப்படுகிறது. இதனைக் காப்புணர்வு எனலாம். இலங்கையில் முதலாம் தரத்துக்குப் பிள்ளை ஐந்து வயது நிறைந்ததும் சேர்க்கப்படுவதால், முதல் இரண்டு தரங்களில் இந்த உணர்வு முளைவிடும் பருவத்திலேயே பலரும் இருப்பர். அந்த நிலையில் லீற்றரையும் மில்லிலீற்றரையும் திணிப்பது, நெல் முளைக்கும் முன் அருவிவெட்ட இறங்குவதற்கு ஒப்பாகும்.

ஆனால் வயது மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை என்பதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. செனகல் நாட்டின் வொலோவ் மக்களிடையே பள்ளிக்குச் செல்லாத பிள்ளைகளை ஆராய்ந்த பற்ரீசியா கிரீன்ஃபீல்ட், ஆய்வாளர் நீரை ஊற்றியபோது அளவு மாறிவிட்டது என்ற பிள்ளைகள் பலர், தாங்களே ஊற்றியபோது மாறவில்லை என்று சரியாகச் சொன்னதை 1966இல் எடுத்துரைத்தார். வெளியிலிருந்து வந்த பெரியவரின் கைக்கு ஏதோ ஆற்றல் உண்டென்று அவர்கள் எண்ணியிருந்தனர். தம் கைக்கு அத்தகைய மாயம் எதுவும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். 1969இல் வெளியான இன்னோர் ஆய்வு, மெக்சிக்கோவின் குயவர் வீட்டுப் பிள்ளைகள், களிமண்ணின் வடிவத்தை மாற்றினாலும் அதன் அளவு மாறாது என்பதை ஏனைய பிள்ளைகளைவிட நன்கு உணர்ந்திருந்ததைக் கண்டது. இவ்விரண்டிலிருந்தும் வகுப்பறைக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றே: ஆசிரியர் ஊற்றிக் காட்டக் கூடாது, பிள்ளை ஊற்ற வேண்டும். தரை நனையும், நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். உயரத்தைக் கண்டு ஏமாறும் பழக்கம் பெரியவர்களையும் விட்டுவிடுவதில்லை என்பதை, நீண்டு ஒடுங்கிய கொள்கலத்தில் கூடுதலான பானம் இருப்பதாக வாங்குவோர் எண்ணுவதைக் காட்டிய பிரியா ரகுபீர், அராத்னா கிருஷ்ணா ஆகியோரின் 1999ஆம் ஆண்டு ஆய்விலிருந்து அறியலாம்.

வாவிக்கரைப் பிள்ளைக்கு ஊற்றிப் பழக மிக எளிதில் கிடைக்கும் ஏனம் தேங்காய்ச் சிரட்டை. ஒரு தயிர்ச்சட்டியை நிரப்ப எத்தனை சிரட்டை நீர் வேண்டும் என்று கேட்டு, விடையை முதலில் எழுதச் செய்து, பின்னர் ஊற்ற விடுவது இப்பாடத்தின் முதற்படி. எழுதிவைப்பது முக்கியம், வாயால் மட்டும் சொன்ன மதிப்பீட்டை, ஊற்றி முடித்ததும் பிள்ளை தன்னையறியாமலேயே உண்மையான எண்ணுக்கு இழுத்துக்கொள்ளும். ஒரு குழுவுக்கு ஏழும் இன்னொரு குழுவுக்கு ஒன்பதும் வரும்போது, சட்டி ஒன்றாக இருக்கச் சிரட்டைகள் வேறுபட்டதே காரணம் என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிப்பர். அனைவருக்கும் பொதுவான ஓர் அளவு ஏன் வேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் உண்மையாக எழுகிறது. அந்தக் கேள்வி எழுமுன் லீற்றரை அறிமுகம் செய்தால், அது கேட்காத கேள்விக்குச் சொன்ன விடையாகவே கிடக்கும்.

சிரட்டை இன்னொரு பாடத்தையும் தருகிறது. அது இந்த அத்தியாயத்தின் மையமானது. அரைக்கோள வடிவமான ஒரு சிரட்டையில் அதன் ஆழத்தின் பாதிவரை நீர் நின்றால், அது அரைச் சிரட்டை நீராகுமா என்று கேட்டால் பிள்ளைகளும் பெற்றோரும் ஆம் என்றே பெரும்பாலும் சொல்வர். கணக்கிட்டால் அது முழுக் கொள்ளளவின் பதினாறில் ஐந்து பங்கு. மூன்றில் ஒன்றைவிடவும் சற்றுக் குறைவு. அடி ஒடுங்கி வாய் அகன்ற பாத்திரத்தில் கீழ்ப்பாதி உயரம் சிறிதளவு நீரையே ஏற்கும், மேல்பாதியே பெரும்பகுதியைக் கொள்ளும். கூம்பு வடிவமான புனலில் இந்த ஏமாற்றம் இன்னும் கடுமை. பாதி ஆழத்தில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். ஒளி ஊடுருவும் ஒரு கொள்கலத்தின் பக்கத்தில் காகிதப் பட்டி ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு கோப்பை நீரை ஊற்றியதும் நீர்மட்டத்தில் ஒரு கோடு இட்டுக்கொண்டே போனால், நேரான சுவர் கொண்ட போத்தலில் கோடுகள் சம இடைவெளியிலும், அடி ஒடுங்கிய கிண்ணத்தில் கீழே அகன்றும் மேலே நெருங்கியும் விழும். அந்தக் காகிதப் பட்டியே பிள்ளை தன் கையால் செய்த முதல் அளவுகோல்.

கண் இவ்வாறு ஏமாறும்போது கை துணைக்கு வரலாம். ஒரு லீற்றர் நீரின் திணிவு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் என்பதால், கிணற்றிலிருந்து வாளியில் நீர் சுமந்து பழகிய பிள்ளையின் தோளுக்குப் பத்து லீற்றர் எவ்வளவு என்பது, புத்தகத்தில் அதைப் படிக்கும் முன்பே தெரியும். ஆனால் தோள் அறிவது திணிவையேயன்றிக் கனவளவை அன்று என்பதற்கு மட்டக்களப்பின் புகழ்பெற்ற தேனே சான்று. 750 மில்லிலீற்றர் கொண்ட ஒரு போத்தலில் நீரை நிரப்பினால் உள்ளிருப்பது முக்கால் கிலோ. அதே போத்தலில் தேங்காய் எண்ணெயை நிரப்பினால் 700 கிராமுக்கும் சற்றுக் குறைவு. தேனை நிரப்பினால் ஒரு கிலோவையும் தாண்டிவிடும். மூன்று போத்தல்களையும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி, எதில் கூடுதலான திரவம் உள்ளது என்று சொல்லும்படி கேட்டால், எல்லாக் கைகளும் தேனையே காட்டும். பின்னர் கண்ணைத் திறந்து மட்டத்தைப் பார்த்தால் மூன்றும் ஒன்றே. அடர்த்தி என்னும் சொல்லை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல தருணம் வாய்ப்பது அரிது.

தயிர்ச்சட்டியில் ஒரு சூதும் உண்டு. புதிய, காய்ந்த மண்சட்டியில் அளந்து ஊற்றிய நீரைச் சிறிது நேரம் கழித்துத் திரும்ப அளந்தால் ஊற்றியதைவிடக் குறைவாகவே கிடைக்கும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் எஞ்சியதை உறிஞ்சிக்கொள்கின்றன. எருமைத் தயிர் மண்சட்டியில் இறுகி உறைவதற்கு உதவும் அதே பண்பு, அச்சட்டியை அளவுப் பாத்திரமாகப் பயன்படுத்துவதற்குத் தடையாகிறது. பிள்ளை ஊற்றுகையில் சிந்திவிட்டதாகக் கடிந்துகொள்ளும் முன், ஆசிரியர் சட்டியைத் தடவிப் பார்ப்பது நியாயம்.

லீற்றரின் வரலாறு சுருக்கமாகச் சொல்லத்தக்கது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1795இல், ஒவ்வொரு பக்கமும் பத்து சென்ரிமீற்றர் கொண்ட கனசதுரத்தின் கனவளவாக அது வரையறுக்கப்பட்டது. 1901இல் ஒரு கிலோகிராம் தூய நீர் அடைக்கும் இடமாக மாற்றப்பட்டது. அந்த வரையறை கனசதுரத்தைவிட ஏறத்தாழ 28 கன மில்லிமீற்றர் பெரிதாக இருந்ததால், அதாவது ஒரு நீர்த்துளியின் பாதியளவு பிசகியதால், 1964இல் மீண்டும் கனசதுரத்துக்கே திருப்பப்பட்டது. பிரித்தானியக் கலன் 1824இல் பத்து இறாத்தல் நீரின் கனவளவாக நிறுவப்பட்டது. அது நாலரை லீற்றருக்குச் சற்று மேல். ஆறு போத்தல் ஒரு கலன் என்ற வழக்கும் 750 மில்லிலீற்றர்ப் போத்தலும் இதனால்தான் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இலங்கையில் இன்று அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் பற்றிய 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி மெற்றிக் அளவுகளே சட்டபூர்வமானவை. ஆயினும் பேச்சில் போத்தல் இறக்கவில்லை, இறக்க வேண்டியதும் இல்லை. வீட்டில் போத்தலையும் பள்ளியில் லீற்றரையும் கேட்கும் பிள்ளைக்கு, நாலு போத்தல் மூன்று லீற்றர் என்ற பாலத்தை அமைத்துக் கொடுத்தாற் போதும்.

இத்தனையும் செய்யாமல், இரண்டு லீற்றர் 350 மில்லிலீற்றரை 2,350 மில்லிலீற்றராக மாற்றும் பயிற்சிகளை மட்டுமே புலமைப்பரிசில் பரீட்சையை முன்னிட்டு அடுக்கிக்கொண்டே போவதால் விளைவது, கணக்கில் பிழைவிடாத, ஆனால் தேநீர்க் கோப்பையின் கொள்ளளவு இருபது லீற்றர் என்று விடை வந்தாலும் புருவம் உயர்த்தாத பிள்ளைகளே. மதிப்பீட்டைச் சிவப்பு மையால் பிழையென வெட்டுவதும் இதே கேட்டைச் செய்கிறது. வெட்டுவாங்கிய பிள்ளை அடுத்த முறை முதலில் அளந்துவிட்டு, அந்த எண்ணையே ‘மதிப்பீடு’ என்று எழுதும். மதிப்பீட்டுக்கும் அளவீட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி நாளுக்கு நாள் சுருங்குகிறதா என்பதே பார்க்க வேண்டியது.

அளவுணர்வு பிழைத்தால் என்னவாகும் என்பதற்கு எடுத்துக்காட்டு மருந்தில் உண்டு. வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் வாய்வழி நீரேற்ற உப்பின் வழமையான பொதியை ஒரு லீற்றர் நீரில் கரைக்க வேண்டும். அரை லீற்றரில் கரைத்தால் உப்புச் செறிவு இரட்டிப்பாகிக் குழந்தைக்குத் தீங்காகும்; இரண்டு லீற்றரில் கரைத்தால் பயன் குன்றும். வீட்டிலுள்ள எந்தப் பாத்திரம் ஒரு லீற்றர் கொள்ளும் என்பதை அந்த வீட்டுப் பிள்ளை முன்கூட்டியே அளந்து கோடிட்டு வைத்திருந்தால், நோய் வந்த இரவில் தேடவேண்டியிராது.

கிணறு இதைவிடப் பெரிய பாடம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையைக் கடந்தபோது, கல்லடி, நாவலடி போன்ற இடங்களின் கிணறுகள் உப்புநீராலும் கழிவாலும் நிறைந்தன. கிணற்றை இறைத்து, எஞ்சிய நீருக்கு வெளிற்றும் தூளை இடுவதற்கு, கிணற்றில் எத்தனை லீற்றர் நிற்கிறது என்பது தெரிய வேண்டும். விட்டம் 1.2 மீற்றரும் நீரின் ஆழம் 2 மீற்றரும் உள்ள ஒரு கிணற்றை எடுத்துக்கொண்டால், மனக்கணக்காக விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, ஆழத்தால் பெருக்க 2.16 கன மீற்றர் வரும். ஒரு கன மீற்றர் ஆயிரம் லீற்றர் என்பதால் 2,160 லீற்றர். பை என்னும் மாறிலியைக் கொண்டு முறையாகச் செய்தால் விடை ஏறத்தாழ 2,260 லீற்றர். மனக்கணக்குக்கும் முறையான கணக்குக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆனால் அவசரத்தில் விட்டத்தை ஆரை என்று எண்ணிச் சூத்திரத்தில் போட்டவருக்கு விடை நாலு மடங்காகிவிடும், தூளும் நாலு மடங்காகும். முதலில் மட்டுக்கட்டியவர் அந்தப் பிழையை அங்கேயே பிடித்துவிடுவார். அம்மணற்றரையில் நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பதால், அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு கீழிருந்து மேலேறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சூரியன் எழும் பக்கமான எழுவான்கரையில் கிணறென்றால், அது படும் பக்கமான படுவான்கரையில் குளம். அங்கே லீற்றர் போதாது. ஒரு சதுர கிலோமீற்றர் பரப்பில் ஒரு மீற்றர் ஆழத்துக்கு நிற்கும் நீரே நூறு கோடி லீற்றர். ஆகவே நீர்ப்பாசனத்தில் ஏக்கர் அடி என்னும் அலகு நிலைத்தது. ஓர் ஏக்கர் நிலத்தை ஓர் அடி ஆழத்துக்கு மூடும் நீர், ஏறத்தாழ 12 இலட்சத்து 33 ஆயிரம் லீற்றர். பட்டிப்பளை ஆற்றை மறித்து, 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில், அன்று மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்த பகுதியில் எழுந்த சேனாநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 7,70,000 ஏக்கர் அடி.

உன்னிச்சை போன்ற குளமொன்றின் கீழ்ச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று விவசாயிகளும் வட்டவிதானைமாரும் அதிகாரிகளும் கூடிப் பேசும்போது, முதலில் கேட்கப்படுவது குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதே. அணைக்கட்டருகே நடப்பட்ட அளவுகோல் காட்டுவது உயரத்தை. பயிர் குடிப்பது கனவளவை. குளத்தின் அடி சிரட்டையைப் போலவே ஒடுங்கி, மேலே அகல்வதால், பாதி உயரத்தில் நிற்கும் நீர் பாதிக் குளமாகாது, அதைவிடக் குறைவு. எனவே பொறியியலாளர்கள் குளப்படுகையைச் சமவுயரக் கோடுகளாக அளந்து, ஒவ்வோர் அடி உயரத்துக்கும் எத்தனை ஏக்கர் அடி என்று குளத்துக்குக் குளம் தனியான அட்டவணை ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கின்றனர். கிண்ணத்தின் பக்கத்தில் காகிதப் பட்டியை ஒட்டி, கோப்பை கோப்பையாக ஊற்றிக் கோடிட்ட பிள்ளை செய்ததும் அதே வேலைதான்.